டெயில் லேம்ப் மாட்டிய கை

போன மாதம் எங்கள் கார் ஒரு கல்லுக்காலில் போய் இடித்துக்கொண்டது.

கார் தானாகப் போய் இடிக்குமா? ஓட்டியவர் இடித்தார். ஓட்டியவர் — எங்கள் வீட்டுக்காரர்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உத்தமபாளையத்தில் எங்கள் தெருக்காரர்களைவிட உங்களுக்குத்தான் அவரை நன்றாகத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கரண்ட் ஆபீஸில் லைன்மேனாகச் சேர்ந்து, மழையிலும் ஆடிக் காற்றிலும் கம்பம் ஏறி, ஃபோர்மேனாக ரிட்டயர் ஆனவர். மிக்ஸி, ஃபேன், மோட்டார் — வீட்டில் எது நின்றாலும் கடைக்குக் கொண்டுபோக விடமாட்டார். கழற்றுவார், மாட்டுவார், ஓடும். சில சமயம் ஒரு ஸ்க்ரூ மிச்சமாகிவிடும். அதையும் இங்கே எழுதிச் சிரித்திருக்கிறேன். நீங்களும் சிரித்திருக்கிறீர்கள்.

இந்த வாரம் அவ்வளவாகச் சிரிக்க முடியாது. முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

இடித்த இடம், காமயகவுண்டன்பட்டியில் என் தம்பி பாண்டியின் திராட்சைத் தோட்டம். திராட்சைத் தோட்டம் என்றால் தெரியுமே... பந்தலைத் தாங்க வரிசை வரிசையாகக் கல்லுக்கால் நட்டிருப்பார்கள். வண்டியைத் திருப்ப அங்கே ஒரே ஒரு இடம்தான். எங்கள் வீட்டுக்காரர் அதில் எத்தனையோ தடவை காரைத் திருப்பியிருக்கிறார், பேசிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல். அன்றைக்கு ரிவர்ஸ் எடுத்தார். கார் பின்னால் போனது... போய்க்கொண்டே இருந்தது... ‘டப்’பென்று ஒரு சத்தம்.

இறங்கிப் பார்த்தால் வலது பக்க டெயில் லேம்ப் சில்லுச் சில்லாகக் கிடக்கிறது. பம்பருக்கு ஒரு கீறல்கூட இல்லை. லேம்ப் மட்டும்தான். சிவப்புத் துண்டும் மஞ்சள் துண்டுமாக ஈர மண்ணில்.

குலை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் சத்தம் கேட்டு வந்துவிட்டார்கள். தம்பியும் ஓடி வந்தான். கூட்டத்தைப் பார்த்தால் எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"கரண்டுக் கம்பத்துல கும்மிருட்டுல ஏறுன மனுசனுக்குப் பகல்ல கல்லுக்காலு தெரியலையாக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் குனிந்து துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். "தெரிஞ்சுச்சு. பிரேக்க மிதிக்கத்தான் போனேன். கால் போயிச் சேரலை" என்றார்.

"போயிச் சேரலையா? எங்க போச்சு, மதுரைக்கா?"

இன்னும் பெரிய சிரிப்பு. எனக்கு ஒரே பெருமை. அப்போதே மனதுக்குள் தலைப்புக்கூட வைத்துவிட்டேன்...

கால் போய்ச் சேரவில்லை என்று ஒரு மனிதர் சொல்கிறார். பக்கத்தில் நிற்கிற பெண்டாட்டிக்கு அதில் காதில் விழுந்தது ஒரு ஜோக் மட்டும்தான். இதை இப்போது எழுதும்போது எப்படி இருக்கிறது என்கிறீர்கள்?

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

"கம்பம் டவுன்ல தெரிஞ்ச மெக்கானிக் இருக்காக மாமா. போற வழியில விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் மாட்டிருவாக" என்றான் தம்பி.

"ரெண்டு ஸ்க்ரூ, ஒரு கப்ளர். இதுக்கு எதுக்குப்பா மெக்கானிக்கு? வீட்டுல வச்சு நானே மாட்டிக்கிறேன்."

"உங்களுக்கு எதுக்கு மாமா சிரமம்?"

"சிரமம் என்ன சிரமம்." குரலில் ஒரு சூடு இருந்தது. ஒரு டெயில் லேம்ப்புக்கு இவ்வளவு ரோஷமா என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளே பஸ் ஏறித் தேனிக்குப் போனார். எங்கள் கார் பழைய மாடல். இரண்டு கடையில் இல்லையென்று சொல்லி, மூன்றாவது கடையில் எங்கிருந்தோ வரவழைத்துக் கொடுத்தார்களாம். கூடவே பல்பு, உபரியாகச் சில ஸ்க்ரூ. அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். ஏன், காரிலேயே போய் வந்திருக்கலாமே? பின்லைட் இல்லாத வண்டியை ரோட்டில் ஏற்றக்கூடாது என்றார். சட்டம் பேசுகிறார் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை ஆரம்பமானது.

ஷெட்டிலிருந்து காரை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். சிமெண்டுத் தரையில் ஒரு பழைய துண்டை விரித்து, அதன்மேல் ஸ்க்ரூ டிரைவர், ஸ்பேனர், புது லேம்ப், பல்பு எல்லாவற்றையும் பரப்பினார். ஆபரேஷன் தியேட்டர் தோற்றுப்போகும். என் வேலை, செல்போனில் வீடியோவைப் பிடித்துக்கொண்டு நிற்பது. அடுப்பில் சாம்பார் கொதிக்கிறது, நான் இங்கே நர்ஸ் வேலை பார்க்கிறேன்.

செய்முறை சுலபம்தான். டிக்கி கதவைத் தூக்கினால், லேம்ப்பின் உள் ஓரத்தில் இரண்டு ஸ்க்ரூ தெரியும். அவற்றைக் கழற்ற வேண்டும். பிறகு லேம்ப்பை நேராகப் பின்பக்கம் இழுக்க வேண்டும். பக்கவாட்டில் நெம்பினால் பிடிப்பு உடைந்துவிடும். லேம்ப்புக்குப் பின்னால் ஒயர் வந்து சேரும் கப்ளர் இருக்கும். அதன் நாக்கை அமுக்கி இழுத்தால் கழன்றுவிடும். பல்பு ஹோல்டர்களைத் திருகி எடுத்துப் புது லேம்ப்பில் மாட்டிவிட்டு, போன வழியே திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான். வீடியோவில் வந்தவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே முடித்துவிட்டார்.

எங்கள் வீட்டுக்காரர் ஸ்க்ரூ டிரைவரை இடது கையில் எடுத்தார்.

"எடது கையில எதுக்குப் பிடிக்கிறீக?"

"இங்கன இதுதான் வாட்டம்."

இரண்டு ஸ்க்ரூவும் வந்தன. லேம்ப்பை ஆட்டி ஆட்டி இழுத்தார், வந்தது. கப்ளர் மட்டும் அசையவில்லை. கட்டைவிரலால் அமுக்குகிறார், அமுக்குகிறார்... நான் செல்போனை வைத்துவிட்டு ஒரு அமுக்கு அமுக்கினேன். கையோடு வந்துவிட்டது. இதற்குத்தானா இந்தப் பாடு என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, உள்ளே போய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தேன்.

திரும்பி வரும்போது புது பல்பு ஒன்றை ஹோல்டரில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். அது நழுவிக் கீழே விழுந்தது. சிமெண்டுத் தரை, விழுந்தால் என்ன ஆகும்? உடைந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. மூச்சை மட்டும் கொஞ்சம் சத்தமாக விட்டேன். கல்யாணமான எல்லோருக்கும் அந்த மூச்சின் அர்த்தம் தெரியும்.

இன்னொரு பல்பைப் போட்டு, ஒரு வழியாக ஹோல்டர்களை மாட்டி, லேம்ப்பையும் அதன் இடத்தில் வைத்துத் தள்ளிவிட்டார். இனி ஸ்க்ரூ இரண்டும்தான். முதல் ஸ்க்ரூவை ஓட்டையில் வைக்கப் போனார், அது பம்பர் இடுக்கில் விழுந்து உள்ளே போய்விட்டது. உபரியில் ஒன்றை எடுத்தார். அதுவும் விழுந்து, உருண்டு காருக்கு அடியில் போனது. குனிந்து எடுத்தார். மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது.

எனக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னங்க இது, ஒரு ஸ்க்ரூவப் பிடிக்கத் தெரியலையா? பச்சப்புள்ள கூட மாட்டிரும். மெக்கானிக்கிட்ட விட்டிருந்தா இந்நேரம் சாப்பிட்டே முடிச்சிருக்கலாம். எல்லாத்துலயும் பிடிவாதம். அன்னைக்கு அங்கன போயி இடிச்சீக, இன்னைக்கு இங்கன பல்ப ஒடைக்கிறீக. உங்களுக்கு என்னதான் ஆச்சு?"

கடைசியாகக் கேட்டதுதான் சரியான கேள்வி. ஆனால் நான் அதைக் கேள்வியாகவா கேட்டேன்?

அவர் வாசல் படியில் போய் உட்கார்ந்தார். வலது கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டார். அடுத்த பாட்டுக்குத் தயாராகி நானும் அவர் பக்கம் திரும்பினேன்.

அப்போதுதான் பார்த்தேன்.

தொடைமேல் சும்மா கிடந்த கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டிருந்தன. நெற்றியில் இட்டுக்கொள்ளத் திருநீறு எடுத்தால், விரல் நுனியில் வைத்து ஒரு தேய் தேய்ப்போமே... அப்படி. ஆனால் விரலில் திருநீறு இல்லை. நிற்கவும் இல்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது எதிரே மலையை. விரல்கள் தம் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தன.

"கை ஏன் ஆடுது?"

சட்டென்று இடது கையால் அதை மூடினார். மூடிய கைக்குள்ளும் அது ஆடியது.

"எப்ப இருந்துங்க?"

"போன ஐப்பசி மழையப்ப இருந்து. மொதல்ல கட்டவெரலு மட்டும்தான்."

ஐப்பசி போய், தை போய், சித்திரையும் போயிருந்தது. ஒரே வீடு. ஒரே சாப்பாட்டு மேஜை. தினம் அந்தக் கையில்தானே நான் காபி டம்ளரைக் கொடுத்தேன்?

"ஏங்க எங்கிட்ட சொல்லலை?"

மறுபடி மலையைப் பார்த்தார். பிறகு, கோபமே இல்லாமல், மழை வரும்போலத் தெரிகிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"சொன்னா எழுதிருவ."

அவர் சொன்னதில் என்ன தப்பு? எழுதியிருக்கிறேனே. கார்த்திகை மாதத்தில் ஒரு கல்யாண வீட்டில் சம்பந்தியின் வேட்டியில் காபியைக் கொட்டியதை எழுதினேன். அது வந்த வாரம் கம்பம் மார்க்கெட்டில் யாரோ முன்பின் தெரியாதவர், "நீங்கதான அந்தக் காபி கொட்டுனவுக?" என்று கேட்டுக் கை கொடுத்தாராம். வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதற்கப்புறம் அவர் வெளியில் எங்கேயும் காபி குடிப்பதில்லை. அதை நான் கவனிக்கவில்லை.

சட்டையை விட்டுவிட்டு டி-ஷர்ட்டுக்கு மாறினார். ரிட்டயர் ஆனதும் இளமை திரும்புகிறது என்று எழுதினேன். நிறையப் பேர் ரசித்ததாகச் சொன்னீர்கள். டி-ஷர்ட்டில் பட்டன் இல்லை. அதுதான் காரணம் என்று அந்த வாசல் படியில் உட்கார்ந்திருந்தபோது தெரிந்தது.

கையெழுத்து எறும்பு மாதிரி சின்னதாகிக்கொண்டே போனது. கண்ணாடி மாற்றச் சொல்லி நச்சரித்தேன். சாப்பிட அதிக நேரம் எடுத்தார். டிவி பார்த்துக்கொண்டு சாப்பிட்டால் அப்படித்தான் என்றேன்.

ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். எழுதுகிறவள் இல்லையா... கவனிப்பது என் தொழில் என்று ஒரு நினைப்பு வேறு. ஆனால் பார்த்ததெல்லாம் எனக்கு இந்தப் பக்கத்துக்கான பத்தியாகத்தான் தெரிந்தது. என் வீட்டு மனிதருக்கு என்னவோ ஆகிறது என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்தேன். கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். ரொம்ப நாள் ஆகியிருந்தது, அப்படிப் பிடித்து.

"பின்ன எதுக்குங்க இந்த வேலைய இழுத்துப் போட்டீக? தம்பி சொன்னான்ல?"

"ஒரு ஸ்க்ரூவ மாட்டிட்டா எனக்கு ஒண்ணும் இல்லைன்னு ஆயிரும்ல. அதப் பாக்கத்தான்."

ஒரு கல்லுக்காலில் இடித்த பயம். கால் சரியான நேரத்துக்குப் போய்ச் சேராத பயம். அதைத் தனியாக வைத்துக்கொண்டு, பஸ் ஏறித் தேனிக்குப் போய், அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். தனக்குத் தானே ஒரு பரீட்சை. அந்தப் பரீட்சை நடக்கும்போது பக்கத்தில் நின்று நான் என்ன பேசினேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். இன்னொரு தடவை சொல்ல வாய் வரவில்லை.

சாம்பார் அடிப்பிடித்த வாசனை வந்தது. எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். அவர் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதற்கும் ஒரு காரணம் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

"வாங்க. நீங்க சொல்லுங்க, நான் மாட்டுறேன்" என்றேன்.

"உனக்கு எதுக்கு?"

"ரெண்டு ஸ்க்ரூதான?"

எழுந்து வந்தார். நான் ஸ்க்ரூவை ஓட்டையில் வைத்தேன். "மொதல்ல கையால ரெண்டு சுத்துச் சுத்து. சாஞ்சு போச்சுன்னா மரை போயிரும்... ஆங், இப்ப டிரைவர வை. போதும் போதும். ரொம்ப இறுக்காத, பிளாஸ்டிக்கு பொளந்துரும்." கரண்டுக் கம்பத்தின் கீழே நின்றுகொண்டு மேலே இருக்கிறவருக்குச் சொல்கிற குரல். நான் அந்தக் குரலைக் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது.

மாட்டி முடித்ததும் சரிபார்க்க வேண்டும். அவர் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். நான் பின்னால் நின்றேன். லைட் போட்டார். எரிந்தது. இண்டிகேட்டர், ரிவர்ஸ் லைட், எல்லாம் எரிந்தன. கடைசியில் பிரேக்.

பளிச்சென்று எரிந்தது. இடது பக்கத்து லேம்ப் வெயிலில் வெளுத்துப்போயிருக்கிறது, அது பழசு. வலது பக்கம் புதுசு, நல்ல சிவப்பு. இரண்டும் ஒன்றுபோல இல்லை.

"எரியுதுங்க" என்றேன்.

அவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. இரண்டு விளக்கும் எரிந்துகொண்டே இருந்தன. "எரியுது, போதும்" என்று இன்னொரு தடவை சொன்னேன். அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் முன்பக்கம் போகவில்லை. அவராக இறங்கி வரட்டும் என்று அங்கேயே நின்றேன்.

அடுத்த வாரம் மதுரைக்குப் போனோம், நரம்பு டாக்டரிடம். காரில் இல்லை. தம்பி, தான் ஓட்டி வருவதாகச் சொன்னான். வேண்டாம், பஸ்ஸில் போகலாம் என்று சொல்லிவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து, வலது கைமேல் பையை வைத்துக்கொண்டார். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும், "மகளுக்கு இப்பச் சொல்லாத" என்றார். சரி என்றேன்.

டாக்டர் ஒரு பெண். என் மகள் வயதுதான் இருக்கும். எங்கள் வீட்டுக்காரரை நடக்கச் சொன்னார். விரல்களைத் திறந்து மூடச் சொன்னார். ஒரு தாளில் பெயரை எழுதச் சொன்னார். தங்கராஜ் என்று எழுதினார், எறும்பு எழுத்தில். இத்தனை வருஷமாக உங்களிடம் 'எங்கள் வீட்டுக்காரர்' என்றே சொல்லிவந்த மனிதருக்கு ஒரு பெயர் இருக்கிறது. தங்கராஜ்.

பிறகு டாக்டர் என் பக்கம் திரும்பிக் கேள்வி கேட்டார். வாசனை தெரிகிறதா இவருக்கு? (அடிப்பிடித்த சாம்பார் எனக்கு நினைவுக்கு வந்தது.) தூக்கத்தில் கை காலை உதறுகிறாரா? நடக்கும்போது ஒரு கையை வீசாமல் நடக்கிறாரா?

பொங்கலுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த மகள் கவிதா, "அம்மா, அப்பா ஏன் ஒரு கைய வீசாமலே நடக்கிறாக?" என்று கேட்டாள். "பென்ஷன் வாங்குறவுக அப்படித்தான் நடப்பாக" என்று சொன்னவள் நான்.

"முகம் எப்படியிருக்கு? முன்ன மாதிரி சிரிக்கிறாரா?" என்று கேட்டார் டாக்டர்.

"சிரிக்கிறதே இல்லை டாக்டர். எப்பப் பாத்தாலும் உர்ருன்னு இருக்காக. எங்கிட்ட ஏதோ கோவம்னு நினைச்சேன்."

"கோவம் இல்லம்மா. முகத்துத் தசை இறுகிடும். உள்ள சிரிப்பாங்க, வெளிய வராது."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். பார்க்கின்சன். கேள்விப்பட்ட பெயர்தான். நம் வீட்டுக்குள் வந்து உட்காரும்போது எல்லாப் பெயரும் புதுப் பெயர்தான். முழுசாகப் போகாது, ஆனால் மாத்திரை நன்றாகக் கேட்கும் என்றார். தினம் நடக்க வேண்டும், கைக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், மனம் சோரக்கூடாது. நிறைய வருஷம் நன்றாக இருக்கலாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தவர், எழுந்துகொள்ளும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கார் ஓட்டலாமா டாக்டரம்மா?"

"இப்ப வேண்டாம் சார். மாத்திரை கேக்குதான்னு பாப்போம். பாத்துட்டுச் சொல்றேன்."

சரி என்றார். வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான் கேட்டேன், மகளுக்குச் சொல்லவா என்று. "நானே சொல்லிக்கிறேன்" என்றார். அன்று சாயங்காலமே போன் போட்டுச் சொன்னார். அவள் அழுதாள். அவர்தான் அவளைத் தேற்றினார். நான் கொடியில் துணி எடுக்கப் போகிற மாதிரி எழுந்து போய்விட்டேன்.

முன்னாடியே தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கேயே டாக்டரிடம் கேட்டிருந்தேன். பெரிசாக ஒன்றும் மாறியிருக்காது என்றுதான் சொன்னார். எதுவும் கெட்டுப்போய்விடவில்லை, குற்ற உணர்ச்சி வேண்டாம் என்றார். நல்ல டாக்டர். ஆனால் அவர் கணக்கு நோயைப் பற்றியது. என் கணக்கு அந்த மாதங்களைப் பற்றியது. ஒரு மனிதர் தன் கையைத் தன் வீட்டிலேயே ஒளித்து வைத்திருந்த மாதங்கள். அதற்கு மாத்திரை யார் எழுதித் தருவது?

இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். கொஞ்சம் கேட்கிறது. காலையில் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் காபி குடிக்கிறார், என் எதிரிலேயே. சாயங்காலம் வாய்க்கால் கரையில் இருவரும் நடக்கிறோம். வலது கையை வீசச் சொல்லி நினைவுபடுத்துவது என் வேலை. பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி வந்து காரை ஒரு சுற்று எடுத்துப்போகிறான். கேட் வரைக்கும் போய் நிற்பார். தெருமுனையில் கார் பிரேக் போட்டுத் திரும்பும் வரை அங்கேயே நிற்பார். நானும் பக்கத்தில் போய் நிற்பேன்.

சில வாரங்களாக இங்கே வேறு எதையெதையோ எழுதினேன். வெங்காயம், பஸ், பக்கத்து வீட்டு நாய். ஒன்றும் ஓடவில்லை, உங்களுக்கே தெரிந்திருக்கும். முந்தாநாள் இரண்டு வரி எழுதுவதும் அடிப்பதுமாக உட்கார்ந்திருந்தேன். அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, டாக்டர் சொன்ன பயிற்சிக்காக ஒரு ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன, ஓடலையா?"

"இல்ல."

"லேம்ப் மாட்டுனத எழுது."

நான் நிமிர்ந்து பார்த்தேன். "வேணாங்க."

"எழுது புள்ள. என்னைய மாதிரி எத்தன பேரு, வந்தது என்னன்னே தெரியாம, வீட்டுல உக்காந்து திட்டு வாங்கிக்கிட்டு இருக்காகளோ."

முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. குத்திக் காட்டுகிறாரா, வருத்தமா, நிஜமாகவே சொல்கிறாரா? இத்தனை வருஷம் முகத்தைப் பார்த்தே எல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் தடவையாகக் கேட்டேன்.

"சிரிக்கிறீகளா?"

"சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.